நஞ்சு வந்த பாதை – 9: முறிமருந்து தெரியாத இரவு

சென்ற வாரம் போபால் நகரில் நிறுத்தியிருந்தோம்.

1969இல் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பூச்சிமருந்து ஆலை அங்கே வந்தது. 'செவின்' என்ற பெயரில் விற்ற பூச்சிக்கொல்லிக்குத் தேவையான மெத்தில் ஐசோசயனேட் என்ற திரவத்தை 1980 முதல் ஆலைக்குள்ளேயே தயாரித்தார்கள். 1981 டிசம்பரில் ஃபாஸ்ஜீன் வாயு பட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். மறு ஆண்டு ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், இந்த நகரத்தைக் காப்பாற்றுங்கள் என்று எழுதினார். 1984 ஜூனில் மறுபடியும் எழுதினார். கேட்பார் இல்லை.

இங்கே மலேசியாவில், நம் மலையில், திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா வரை சாலையின் இரு பக்கமும் பிளாஸ்டிக் கூரைகள். தேயிலைச் சரிவுகள் முடியும் இடத்தில் முட்டைக்கோசும் தக்காளியும் தொடங்கிவிடுகின்றன. நம் மலையில் காய்கறியோ கொழுந்தோ எதை வளர்த்தாலும், மருந்து பம்பை முதுகில் சுமக்கும் ஒருவர் அதன் பின்னால் இருக்கிறார். அந்தப் பம்புக்குள் ஊற்றப்படுவது ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் ஆலையில் பிறந்து வருகிறது. அப்படிப் பிறக்கும் இடத்தில் என்ன நடக்க முடியும் என்பதை உலகுக்குக் காட்டிய ஊர் போபால்.

இந்த வாரம் அந்த இரவுக்குள் போகிறோம். ஆலையின் கதையாக மட்டும் இல்லாமல், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஓடிவந்த மருத்துவ மாணவர்களின் கதையாகவும் அதைப் பார்க்கப் போகிறோம்.

*

தொட்டி எண் 610

1984 டிசம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. குளிர்கால இரவு.

ஆலை வளாகத்தில் மண்ணில் பாதி புதைந்திருந்த தொட்டி ஒன்றில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. அந்தத் திரவம் 39 டிகிரி வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். தண்ணீர் பட்டால் கொந்தளிக்கும். ஆகவே அதைக் குளிரவைத்து, ஈரம் அண்டாமல் காக்க வேண்டும் என்பது விதி.

அன்றிரவு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. எப்படிப் புகுந்தது என்பதில் நிறுவனத்துக்கும் மற்றவர்களுக்கும் இன்றுவரை வாதம் உண்டு. புகுந்தது என்பதில் வாதம் இல்லை.

தொட்டியைக் குளிர்விக்கும் கருவி பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவைக் கழுவித் தணிக்கும் கருவி இயக்கத்தில் இல்லை. மிஞ்சியதை எரித்துவிடும் உயரமான தீக்கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. அடுக்கடுக்காகக் காவல் இருந்தும், வேண்டிய நேரத்தில் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை.

இரவு 11 மணி தாண்டியதும் தொழிலாளர்களின் கண்கள் எரிந்தன. நள்ளிரவு கடந்து 12.40 வாக்கில் தொட்டியின் அழுத்தம் எல்லை மீறியது. மேலிருந்த கான்கிரீட் வெடித்து விரிந்தது. பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டு, வெண்புகை வானில் பீறிட்டது.

மெத்தில் ஐசோசயனேட் காற்றைவிடக் கனமானது. குளிர்ந்த இரவில் அது மேலே போகாமல் தரையை ஒட்டிப் படர்ந்தது. மெல்லிய காற்று அதை நகரத்தின் பக்கம் தள்ளியது. ஆலைக்கு எதிரே ஜெயப்பிரகாஷ் நகர். அதைத் தாண்டிக் காஜி கேம்ப், சாந்த்பட், ரயில் நிலையம். எங்கும் குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்த ஏழை மக்கள்.

யாரோ மிளகாய் வற்றலை நெருப்பில் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தே பலர் எழுந்தார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை. இருமி இருமி வெளியே ஓடினார்கள்.

ஊரை எச்சரிக்கும் அபாயச் சங்கு ஒலித்தது. ஆனால் சில நிமிடங்களிலேயே அதை அடக்கிவிட்டார்கள். மீண்டும் அது முழங்கியபோது வாயு ஊருக்குள் வந்து நெடுநேரமாகியிருந்தது.

ஓடியவர்கள் மூச்சிரைத்து, இன்னும் அதிகமாக நஞ்சை உள்ளே இழுத்தார்கள். தரையோடு வந்த வாயு குழந்தைகளை முதலில் பிடித்தது. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள், காற்றுக்குக் குறுக்கே போங்கள் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். அந்த இரண்டு வரி அறிவுரை அக்கம்பக்கத்து மக்களுக்கு ஒருபோதும் சொல்லப்பட்டதில்லை.

*

விடுதிக்கு வந்த அழைப்பு

போபாலின் பழைய நகரத்தில் ஹமீதியா மருத்துவமனை இருக்கிறது. நகரை ஆண்ட நவாப் ஹமீதுல்லா கானின் பெயர் தாங்கியது. அதே வளாகத்தில் 1955இல் தொடங்கிய காந்தி மருத்துவக் கல்லூரி. மாணவர் விடுதிகளும் பக்கத்திலேயே.

நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்குள் முதல் நோயாளிகள் வந்துவிட்டார்கள். கண் எரிச்சல், மூச்சுத் திணறல். பணியில் இருந்த இளம் மருத்துவர்கள் ஒருவரைப் பார்த்து முடிப்பதற்குள் பத்துப் பேர் வந்து நின்றார்கள். பிறகு நூறு. பிறகு எண்ணுவதற்கு நேரமில்லை.

நடந்து வந்தார்கள், சைக்கிளில் வந்தார்கள், லாரியில் ஏற்றிவரப்பட்டார்கள். தோளில் கிடந்த பிள்ளைக்கு உயிர் போயிருப்பது தெரியாமலேயே வரிசையில் நின்ற தாய்மார்கள் உண்டு.

மருத்துவத் துறைப் பேராசிரியர் என்.பி. மிஸ்ரா மருத்துவமனைக்கு விரைந்தார். நிலைமை அவருக்கு உடனே புரிந்தது. இருக்கிற மருத்துவர்களைக் கொண்டு இதைத் தாங்க முடியாது. மாணவர் விடுதிகள் எழுப்பப்பட்டன. எந்த ஆண்டு படிப்பவர் என்ற கேள்வி எழவில்லை. கையும் காலும் உள்ள எல்லோரும் வரவேண்டும்.

வந்தார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஏனென்றால் அந்த இரவின் முதல் திருப்பம் இதுதான்.

அந்த நேரத்தில் நகரமே எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது இன்னும் வருமா, நின்றுவிட்டதா என்பதும் தெரியாது. இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். சட்டப்படி இன்னும் மருத்துவர்களும் அல்ல. கதவைத் தாழிட்டுக்கொண்டு அறையில் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஓடிவிட்டிருந்தாலும் ஊரோடு ஓடியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

அவர்கள் வார்டுக்குப் போனார்கள்.

*

கைகள் செய்த வேலை

கட்டில்கள் முதல் மணி நேரத்திலேயே நிரம்பிவிட்டன. பிறகு தரை, நடைபாதை, படிக்கட்டு, வெளியே புல்தரை. பிறகு கூடாரங்கள்.

ஊசி போடத் தெரிந்த மாணவர் ஊசி போட்டார். தெரியாதவர் தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நகர்ந்து கண்களைக் கழுவினார். இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்ட கண்களை விரலால் மெல்லத் திறந்து சொட்டு மருந்து விட வேண்டும். ஒருவருக்குச் செய்துவிட்டு நிமிர்ந்தால் அடுத்தவர் சட்டையைப் பிடித்து இழுப்பார்.

கண்ணைவிடப் பெரிய ஆபத்து நெஞ்சுக்குள் இருந்தது. மெத்தில் ஐசோசயனேட் ஈரமான திசுவைத் தேடிச் சென்று தாக்கும். நுரையீரலின் நுண்ணறைகள் புண்ணாகி, உடலின் நீரே அங்கே ஊறி நிரம்பும். நிலத்தில் படுத்திருக்கும் மனிதர் தன் நெஞ்சுக்குள்ளேயே மூழ்கிப் போவார். வாயில் நுரை தள்ளும்.

ஆக்சிஜன் வேண்டும். ஆனால் ஒரு மருத்துவமனையில் எத்தனை சிலிண்டர்கள் இருக்கும்? நுரையீரல் நீரை வடிக்கும் ஊசி, மூச்சுக்குழலைத் தளர்த்தும் மருந்து, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு: கையில் இருந்ததையெல்லாம் கொடுத்தார்கள். எல்லாமே அறிகுறிக்கு வைத்தியம். நோய்க்கு வைத்தியம் எது என்று யாருக்கும் தெரியாது.

யாரை முதலில் பார்ப்பது என்ற கொடிய கேள்வியும் அவர்கள் தலையில் விழுந்தது. உயிர் இருக்கிறவரையும் போனவரையும் பிரிக்க வேண்டும். உயிர் இருக்கிறவர்களில் பிழைக்கக்கூடியவரைப் பிரிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் பணிசெய்த மருத்துவருக்கும் கை நடுங்கும் வேலை அது. நாடி பார்க்க அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகள் அதைச் செய்தார்கள்.

விடிந்தது. கூட்டம் குறையவில்லை. இன்னொரு தொட்டியும் வெடித்துவிட்டது என்ற வதந்தி காலையில் கிளம்பி, மீதி இருந்தவர்களையும் தெருவுக்கு விரட்டியது. மருத்துவமனைக்குள் இருந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். கடைக்காரர்கள் பாலும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். தன்னார்வலர்கள் உடல்களைச் சுமந்தார்கள். மாநிலத்தின் பிற ஊர்களிலிருந்தும் மருத்துவர்கள் வரத் தொடங்கினார்கள்.

ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் வாழ்ந்த நகரம் அது. முதல் சில நாட்களில் மட்டும் மருத்துவமனைகளிலும் தற்காலிக முகாம்களிலுமாகச் சுமார் 1,70,000 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். உடனடியாக இறந்தவர்கள் என்று அரசு முதலில் சொன்ன எண்ணிக்கை 2,259. பின்னர் மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்தது 3,787. முதல் இரண்டு வாரங்களிலேயே 8,000 பேர் என்று கணக்கிட்டவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டோர் 5,58,125 பேர் என்று 2006இல் அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

*

ஒரு தொலைபேசிக் கேள்வி

இனி, இரண்டாவது திருப்பம். இதைத்தான் இந்த அத்தியாயத்தின் மையமாக நான் கருதுகிறேன்.

நோயாளிகள் குவியத் தொடங்கியபோதே ஹமீதியாவின் மருத்துவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: இது என்ன வாயு? முறிமருந்து என்ன?

சிலர் அம்மோனியா என்றார்கள். சிலர் ஃபாஸ்ஜீன் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஊகத்தை நம்பி ஊசி போட முடியாது.

ஆலையின் மருத்துவ அதிகாரியிடமிருந்து வந்த பதிலின் சாரம் இதுதான்: உயிருக்கு ஆபத்தான வாயு அல்ல, கண்ணீர்ப்புகையைப் போன்ற எரிச்சல்தான், ஈரத்துணியால் கண்ணைத் துடைக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பதில் வந்த நேரத்தில் பிணவறையில் இடம் போதவில்லை.

ஒரு தனிமனிதரின் அறியாமை என்று இதைக் கடந்துபோக முடியாது. மெத்தில் ஐசோசயனேட் எவ்வளவு கொடியது என்பதை நிறுவனம் முன்பே அறிந்திருந்தது. 1963இலும் 1970இலும் அமெரிக்காவின் மெல்லன் ஆய்வு நிறுவனத்தில் அதற்காகச் சோதனைகள் நடந்தன. முடிவுகள் வெளியிடப்படவில்லை. வேலையிடத்துக் காற்றில் பத்துக் கோடியில் இரண்டு பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவில் வகுத்த வரம்பு. முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட ஃபாஸ்ஜீனுக்குக்கூட அதைவிட ஐந்து மடங்கு தளர்வான வரம்புதான்.

அறிவு இருந்தது. அது வேறொரு நாட்டில், ஓர் அலமாரிக்குள் இருந்தது. போபாலில் நோயாளியின் தலைமாட்டில் நின்ற மாணவரிடம் இருந்தது ஒரு குடம் தண்ணீரும் சொட்டு மருந்தும்.

அந்த மாணவர்களின் தியாகத்தைப் போற்றி எழுதியவர்கள் உண்டு. போற்ற வேண்டியதுதான். ஆனால் போற்றுவதோடு நிறுத்திக்கொண்டால் அவர்களுக்கு நாம் நியாயம் செய்ததாகாது. துணிவு அவர்களிடம் குறையவில்லை, உழைப்பும் குறையவில்லை. குறைந்தது ஒரு தகவல். அதைத் தர வேண்டியவர்கள் தரவில்லை. ஒரு தலைமுறை இளைஞர்கள் கண்முன்னே மனிதர்கள் செத்து விழுவதைப் பார்த்துக்கொண்டு, சரியான மருந்தைத்தான் கொடுக்கிறோமா என்று தெரியாமலேயே பாடுபட்டார்கள். அந்தச் சுமையை அவர்கள் மீது ஏற்றியது வாயு மட்டும் அல்ல.

நம் மலைக்கும் இது பொருந்தும். தோட்டங்களில் களைக்கு அடித்துவந்த பாராகுவாட்டுக்கு இன்றுவரை முறிமருந்து இல்லை. மலேசியா 2002இல் அதைத் தடைசெய்வதாக அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் பம்பைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மயங்கி விழுந்தவரைத் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸரிடம் தூக்கிக்கொண்டு போகும்போது, அவர் முதலில் கேட்பது என்ன மருந்து அடித்தாய் என்பதுதான். புட்டியில் ஒட்டிய தாளை வாசிக்கத் தெரியாதவர் என்ன பதில் சொல்வார்? நஞ்சைக் கையாள்கிறவருக்கும், அதன் பக்கத்தில் வாழ்கிறவருக்கும், அவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவருக்கும் அதன் பெயரும் குணமும் தெரிந்திருக்க வேண்டும். இது சலுகை அல்ல, உரிமை.

*

சிவந்த இரத்தம்

மூன்றாவது திருப்பம் வார்டில் நடக்கவில்லை. பிணவறையில் நடந்தது.

தடயவியல் மருத்துவத் துறைத் தலைவர் ஹீரேஷ் சந்திராவின் குழு உடல்களை அறுத்துப் பார்த்தது. நுரையீரல்கள் நீரால் கனத்துக் கிடந்தன. அதை எதிர்பார்த்திருந்தார்கள். எதிர்பாராதது ஒன்றும் இருந்தது. இரத்தம் வழக்கத்துக்கு மாறாகப் பளிச்செனச் சிவந்திருந்தது.

அந்த நிறம் எந்தத் தடயவியல் மருத்துவரையும் ஒரு சொல்லை நோக்கித் தள்ளும்: சயனைடு.

சயனைடு என்றால் வைத்தியம் உண்டு. சோடியம் தயோசல்பேட் என்ற ஊசிமருந்து. விலை குறைந்தது, நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருப்பது. உடலில் உள்ள சயனைடைப் பிடித்து, சிறுநீர் வழியாக வெளியேறக்கூடிய தயோசயனேட்டாக மாற்றிவிடும். அது வெளியேறுகிறதா என்பதைச் சிறுநீரைச் சோதித்தே கண்டுகொள்ளலாம்.

நோயாளிகளுக்கு இதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஹீரேஷ் சந்திரா வாதாடினார். ஜெர்மனியிலிருந்து மாக்ஸ் டௌண்டரர் என்ற நச்சியல் நிபுணர் அதே மருந்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் இருந்த யூனியன் கார்பைடு ஆலையின் மருத்துவரிடமிருந்தும், சயனைடு நஞ்சு என்று சந்தேகம் இருந்தால் தயோசல்பேட் கொடுக்கலாம் என்று டெலக்ஸ் செய்தி வந்தது.

மூன்று திசைகளிலிருந்து ஒரே மருந்தின் பெயர். ஏங்கிக் கிடந்த மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் முதல்முறையாக ஒரு வழி தெரிந்தது.

அப்போதுதான் காற்று திசை மாறியது.

அந்த அறிவுரையிலிருந்து நிறுவனம் பின்வாங்கியது. மெத்தில் ஐசோசயனேட்டுக்கும் சயனைடுக்கும் தொடர்பில்லை என்றது. உறுதியான ஆதாரம் இல்லாமல் தயோசல்பேட் போடக் கூடாது என்று உள்ளூரிலும் அறிவுறுத்தல் வந்தது. நஞ்சு நுரையீரலோடு நின்றுவிட்டது என்றார்கள் ஒரு பக்கத்தார். இரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் பரவியிருக்கிறது என்றார்கள் மறு பக்கத்தார். மருத்துவர்களே இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். வரிசையில் நின்ற நோயாளிக்கு இந்த வாதம் புரியவில்லை. மூச்சு வாங்குவது மட்டும் நிற்கவில்லை.

இது வெறும் மருத்துவச் சர்ச்சை அல்ல. நுரையீரலோடும் கண்ணோடும் நின்றால் பாதிப்புக்கு ஓர் எல்லை இருக்கும். நட்ட ஈட்டுக்கும் ஓர் எல்லை இருக்கும். இரத்தத்தில் கலந்தது என்றால் அந்த எல்லை எங்கே முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. கருவில் இருந்த பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டிவரும்.

1985 ஜனவரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்த ஊசியை முறைப்படி சோதித்துப் பார்க்க முன்வந்தது. ஜூனில், தன்னார்வ மருத்துவர்களும் மக்களும் சேர்ந்து ஜன ஸ்வாஸ்த்ய கேந்திரம் என்ற சிறு மருத்துவ நிலையத்தைத் திறந்து, தயோசல்பேட் போடத் தொடங்கினார்கள். அதே மாதம் 24ஆம் தேதி அங்கே காவல்துறை நுழைந்தது.

மருந்து கையில் இருந்தது. போடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வேண்டி நின்ற மக்கள் வாசலில் இருந்தார்கள். அப்படியிருக்க, ஓர் ஊசிக்கு எதிராகக் காவல்துறையை அனுப்ப வேண்டிய அவசியம் யாருக்கு, எதனால் வந்தது?

(அடுத்த வாரம் தொடரும்)